உனக்குப் பாடு உண்டா?

நீங்கள் மூவரும் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். ஒருவருக்கு வேதப் புத்தகம் பாதி மனப்பாடமாம். இன்னொருவருக்குப் போர்த்துக்கீசியரின் பறங்கிப் பாஷை தண்ணீர் பட்ட பாடு. மூன்றாமவர் ஒல்லாந்தர் பாஷையில்தான் தும்முகிறார் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஆனால் நம் தருமவீட்டுக்குத் துபாஷியாக வருகிறவன் நன்றாகப் படித்தவன் என்றால் எனக்கு உள்ளூர ஒரு பயம் உண்டு. ஏனென்றால் நானும் நன்றாகப் படித்துவிட்டுத்தான் இங்கே வந்தேன்.

தருமவீடு எப்படி வளர்ந்தது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பெட்டி சுற்றி வரும். அதில் விழுவதைக் கொண்டு அரிசி வாங்கிச் சனிக்கிழமைதோறும் இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். ஆரம்பத்தில் நொடித்துப்போன ஒல்லாந்தர் குடும்பங்களுக்கு மட்டும். அப்புறம் கோவிலில் சேர்ந்த நம்மவர்களுக்கும். ஒரு பெருமழை வருஷத்தில் ஏரிக்கரைக் குப்பத்துச் சனங்கள் வாசலில் வந்து நின்றபோது, ‘நீ எந்த வேதம்’ என்று கேட்டு விரட்ட யாருக்கும் மனம் வரவில்லை. அன்றைக்குத் திறந்த கதவு பிறகு மூடப்படவில்லை.

இந்த வேலையைப் பார்க்கும் துரைக்கு உதவிக்காரர் என்று பெயர். சம்பளம் கிடையாது. கோட்டையில் தன் உத்தியோகத்தையும் பார்த்துக்கொண்டு இதையும் பார்க்க வேண்டும். நான் சேர்ந்தபோது உதவிக்காரராக இருந்தவர் துணிக்கிடங்கு துரை. வாரத்தில் ஐந்து நாள் பழவேற்காட்டுக் கைக்குட்டைத் துணியில் சாயம் ஒட்டியிருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பார், ஆறாம் நாள் ஏழைகளைப் பார்ப்பார். குனியாமல் எந்த வாசலிலும் நுழைய முடியாத உயரம். குழந்தை அழுதால் கூடவே அழுதுவிடும் மனசு. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

நான் தஞ்சாவூர்ச் சீமைக்காரன். அங்கே ஒரு பாதிரியாரிடம் வேதத் தமிழ் படித்தவன். ஏரியை நான் முதலில் பார்த்ததே வேலைக்குச் சேர்ந்த அன்றுதான். துரை பறங்கிப் பாஷையில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன், வந்தவர் சொல்வதைத் திரும்பப் பறங்கிப் பாஷையில் சொல்வேன். அந்தப் பாஷை எங்கள் இருவருக்குமே சொந்தமில்லை, ஆனாலும் வண்டி ஓடியது.

அரிசிக்கு வருகிறவரிடம் துரை கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றுதான்: உனக்கு என்ன துன்பம்? இதை எப்படித் தமிழில் கேட்பது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். துன்பம் என்றால் ஏட்டுச் சொல்லாக இருக்கிறது. கஷ்டம் என்றால் சாதாரணமாக இருக்கிறது. கர்த்தர் நமக்காகப் பாடுபட்டார் என்று வேதத்தில் படிக்கிறோமே, அந்தச் சொல்தான் தருமவீட்டுக்குத் தகும் என்று முடிவு செய்தேன். “உனக்குப் பாடு உண்டா?” கம்பீரமாக இருந்தது. துரைக்கும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தேன். அவர் ‘பாது, பாது’ என்று ஒரு வாரம் சொல்லிச் சொல்லி நாக்கைப் பழக்கிக்கொண்டார்.

சனங்கள் சொன்ன பதில்கள் அபாரமாக இருந்தன. ஒரு பெரியவர், “எனுக்கு ரெண்டு பாடு கீதுங்க” என்றார். இரண்டு துன்பம் என்று நான் சொன்னேன். துரை உச்சுக் கொட்டி இரண்டு பங்கு அரிசி கொடுக்கச் சொன்னார். இன்னொருவர், “எம் பாடு நாளைக்குத்தான் வருது” என்றார். நாளை வரப்போகும் துன்பத்தை இன்றைக்கே அறிந்த ஞானி என்று துரை வியந்தார். கை ஒடிந்த ஒருவர் வந்து, “எம் பாட்ட என் தம்பிதான் இழுக்கறான்” என்று சொன்னபோது துரை கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணனின் துன்பத்தைத் தம்பி இழுத்துச் சுமக்கிறான்! கோட்டைக் கோவில் பாதிரியார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதை வைத்தே பிரசங்கம் செய்தார். துரை இந்தப் பொன்மொழிகளையெல்லாம் எழுதித் தம் தாயாருக்குக் கப்பலில் அனுப்பினார். மூன்று மாதம் நானும் இதே மிதப்பில் திரிந்தேன்.

அப்படியொரு சனிக்கிழமையில்தான் செங்கேணி வந்தாள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் தாலி இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். புருஷன் காய்ச்சலில் செத்து நாற்பது நாள் ஆகிறது என்றாள். நான் வழக்கம்போலக் கேட்டேன்.

“எனுக்குப் பாடு இல்லீங்க” என்றாள்.

நான் அதைச் சொன்னதும் துரை எழுந்தே நின்றுவிட்டார். புருஷனை இழந்து, பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தனக்குத் துன்பமே இல்லை என்கிறாள்! அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, அவளுக்குத் தலை வணங்கி, ஒரு ஜெபம் சொன்னார். துன்பமில்லாதவளுக்கு அரிசி எதற்கு? அடுத்த ஆளைக் கூப்பிட்டோம். செங்கேணி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். மறு வாரமும் வந்தாள், மறுபடி பாடு இல்லை என்றாள், மறுபடி தொப்பி கழன்றது. மூன்றாம் வாரம் அவள் வரவில்லை.

தருமவீட்டில் கஞ்சி காய்ச்ச ஓர் அம்மாள் இருந்தார். குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர்தான் அகப்பையோடு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தச் செங்கேணிய ஏன் துபாசி வெறுங்கையோட அனுப்பினீங்க?”

“பாடு இல்லை என்று அவளே சொன்னாள் அம்மா. நிறைந்த மனசு.”

“நெறஞ்ச மனசா? அவளுக்கு வயிறு காயுது! பாடு இல்லன்னா இன்னான்னு நெனச்சீங்க?”

“கஷ்டம் இல்லை என்றுதான்.”

அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஐயோ சாமி! பாடு பட்டா கஷ்டம். பாடு இருந்தா சோறு! ஏரில எந்த நாளு, எந்த எடத்துல, எந்த வூடு வலை போடணும்னு முறை கீதில்ல, அதுக்குப் பேருதான் பாடு. வருசா வருசம் ஓலை குலுக்கி எடுப்பாங்க. பாடு இல்லன்னா வலை போட எடமே இல்லன்னு அர்த்தம். மூணு மாசமா இத்தத்தான் கேட்டுக்கினு இருந்தீங்களா?”

அவர் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் ஒரு நிமிஷம் சிரிப்பு வந்தது. அப்புறம் கணக்காக உறைத்தது. இரண்டு பாடு உள்ளவனுக்கு இரண்டு பங்கு அரிசி கொடுத்திருக்கிறேன். ஒரு பாடும் இல்லாதவளைக் கும்பிட்டு அனுப்பியிருக்கிறேன். தருமத்தைத் தலைகீழாக நட்டு மூன்று மாதம் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். ஏன் அந்தச் சனங்கள் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். “இருக்கறவனுக்கே குடுக்கறது தொரமாரு வழக்கம் போலன்னு நெனச்சிருப்பாங்க” என்றார் அம்மாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

உடனே ஒரு மூட்டை அரிசியைத் தோணியில் ஏற்றிக்கொண்டு செங்கேணியின் குப்பத்துக்குப் போனேன். அவள் கரையோரச் சேற்றில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“வாங்க துபாசி. தொப்பி தொர வரலியா?”

நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். “அவரு தொப்பியக் கழட்டுனப்பவே எதுவோ கோளாறுன்னு தெரிஞ்சிச்சி” என்றாள். அரிசியை நீட்டினேன். “வைங்க. வேணான்ற நெலமைல நான் இல்ல. ஆனா நான் அரிசி கேக்க வரல.”

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். புருஷன் போனதுமே அவன் பாட்டைக் கொழுந்தன் பிடுங்கிக்கொண்டான், இனி நிரந்தரமாகத் தன்னோடு சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறான். ஆம்பளை இல்லாத வீட்டுக்குப் பாடு எதற்கு என்பது அவன் வாதம். “நாளான்னிக்கு ஓலை போடறாங்க. யாராச்சும் ஒரு ஆம்பள சபைல எழுந்து, இந்த வூட்டுக்கு நான் பாடு எடுக்கறேன்னு சொல்லணும். சொன்னவன் வருசம் பூராவும் வந்து வலை இழுக்கணும். எங்க சாதி சனத்துல கொழுந்தன விரோதிச்சிக்கினு ஒருத்தனும் எழுந்துக்க மாட்டான். ஒரு தபா பேரு வுட்டுப்போனா அப்பால சேக்க மாட்டாங்க. எம் பொண்ணுங்களுக்கு வர்ற மாப்பிள்ளைக்கும் கெடையாது. நாட்டாருகிட்ட உங்க தொர ஒரு வார்த்த சொல்லுவாருன்னுதான் வந்தேன்.” நாட்டார் என்பவர் அந்தக் குப்பத்துச் சபையின் தலைவர். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திரும்பும்போது தோணியில் எனக்கு இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, கேள்வியை ஓசைப்படாமல் மாற்றிவிட்டு, செங்கேணிக்கு வாராவாரம் அரிசி அனுப்பிவிடுவது. யாருக்கும் தெரியாது, வேலையும் போகாது. இன்னொன்று, துரையிடம் சொல்வது. மூன்று மாதம் அவர் வியந்ததெல்லாம் என் அறியாமை என்று எப்படிச் சொல்வது? தம்பிகளே, இந்த வேலையில் தப்பு செய்யாதவன் இல்லை. ஆனால் தப்பை மறைத்துக்கொண்டு தருமம் செய்யப் போனால், செய்வது தருமமா மறைப்பா என்று நமக்கே தெரியாமல் போய்விடும். எனக்கு அன்று அவ்வளவு தெளிவெல்லாம் கிடையாது. செங்கேணிக்கு நாட்டாரிடம் பேச ஆள் வேண்டும், அதற்குத் துரை வேண்டும், அதற்கு உண்மை வேண்டும், அவ்வளவுதான்.

துணிக்கிடங்கில், கைக்குட்டைக் கட்டுகளுக்கு நடுவில் அவரைப் பார்த்துச் சொன்னேன். கையிலிருந்த கைக்குட்டையை மடித்து வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

“‘என் பாடு நாளைக்கு வருகிறது’?”

“நாளைக்கு வலை போடும் முறை, துரை.”

“‘என் பாட்டைத் தம்பி இழுக்கிறான்’?”

“வலையைத்தான் இழுக்கிறான்.”

“பாதிரியார் அதை வைத்துப் பிரசங்கம் செய்தாரே!”

“ஆமாம் துரை. நல்ல பிரசங்கம்.”

அவர் ஒரு துணிக் கட்டின்மேல் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறினேன், சிரித்துக்கொண்டிருந்தார். கிடங்கு ஆட்களெல்லாம் எட்டிப் பார்க்கும்படி சிரித்தார். “என் தாயார் இந்நேரம் ஊரெல்லாம் படித்துக் காட்டியிருப்பாள்” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். திடீரென்று சிரிப்பு நின்றது. “அந்தப் பெண்?” என்றார்.

செங்கேணியின் நிலைமையைச் சொன்னேன். முகம் சிவந்து எழுந்தார். கோட்டையிலிருந்து நாலு சிப்பாய்களை அனுப்பி நாட்டாருக்கு உத்தரவு போடுகிறேன் என்று புறப்பட்டார். என் உத்தியோக காலத்தில் நான் ஒரு துரைக்குக் குறுக்கே நின்றது அந்த ஒரு தடவைதான். “வேண்டாம் துரை. கோட்டை சொன்னால் இன்றைக்குக் கொடுப்பார்கள். கோட்டை அசந்தால் மறுநாள் பிடுங்குவார்கள். அதற்கப்புறம் அந்தக் குப்பத்தில் அவளோடு யார் பேசுவார்கள்? போய் உட்காருவோம். கேட்போம்” என்றேன். அவர் என்னை முறைத்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டார்.

ஓலை குலுக்கும் நாளன்று காலையில் இருவரும் போனோம். ஏரிக்கரை மணலில் ஊர் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நாட்டார் நடுவில் ஒரு பானையோடு இருந்தார். ஒல்லியான மனிதர், அவசரப்படாதவர். துரைக்கு உட்கார ஒரு மரக்கட்டை போட்டார்கள். பெண்கள் தள்ளி நின்றார்கள், செங்கேணியும் பிள்ளைகளோடு நின்றாள். வீடு வீடாகப் பேர் சொல்லி, ஆண் ஒருவன் எழுந்து ‘நான் பாடு எடுக்கறேன்’ என்றதும் அந்த வீட்டு ஓலையைப் பானையில் போட்டார்கள். செங்கேணி வீட்டு முறை வந்தது.

“இந்த வூட்டுக்கு யாரு பாடு எடுக்கறது?” என்றார் நாட்டார்.

கொழுந்தன் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை. நான் ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்பீர்கள். எனக்கு நீச்சல் தெரியாது. வலை இழுக்கப் போனால் தஞ்சாவூர்ச் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்றும் இருந்தது. ஆக மொத்தம் தைரியம் இல்லை. துரை என் காதில், என்ன கேட்கிறார்கள் என்றார். அவள் வீட்டுக்கு யார் பாடு எடுப்பது என்று கேட்கிறார்கள் என்றேன்.

துரை எழுந்தார். நெஞ்சில் கை வைத்தார். அவருக்குத் தெரிந்த சொற்ப தமிழைத் திரட்டி, “நான். நான் பாது எதுக்கிறேன்” என்றார்.

கொழுந்தன்தான் முதலில் குதித்தான். “இது இன்னா கூத்து? தொரைக்கும் எங்க ஏரிக்கும் இன்னா சம்பந்தம்?”

“சபைல ஆம்பள சொல்லணும்னுதான் நம்ம வழக்கம். எந்த ஊரு ஆம்பளன்னு யாரும் சொல்லி வெக்கல” என்றார் நாட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “துபாசி, உங்க தொர புரிஞ்சிதான் சொல்றாரா?”

எல்லாக் கண்ணும் என்மேல். செங்கேணி பிள்ளைகளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. துரை வேதப் பாட்டைச் சொல்கிறாரா, வலைப் பாட்டைச் சொல்கிறாரா? ‘புரிந்துதான்’ என்று ஒரு சொல் சொன்னால் ஓலை பானைக்குள் விழுந்துவிடும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லித்தானே மூன்று மாதம் குட்டிச்சுவராக்கினேன்? துரை நாளைக்குப் பின்வாங்கினால் அவள் மறுபடி ஏமாந்து நிற்பாள், அதுவும் ஊர் முன்னால்.

அதனால் துரையிடமே கேட்டேன். “துரை, நீங்கள் சொன்னதற்கு இங்கே ஓர் அர்த்தம் உண்டு. இந்த வீட்டு முறை வரும்போதெல்லாம் நீங்கள் வர வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுக்க வேண்டும். கெளுத்தி முள் குத்தும். வருஷம் முழுவதும். இதைத்தான் சொன்னீர்களா?”

அவர் ஏரியைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். கட்டையில் உட்கார்ந்து, கால் சப்பாத்தைக் கழற்ற ஆரம்பித்தார்.

நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. முதலில் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது, அப்புறம் கரையே சிரித்தது. நாட்டார் ஓலையைப் பானையில் போட்டார். கொழுந்தனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

வேதப் பாடா வலைப் பாடா என்று திரும்பும்போது துரையிடம் கேட்டேன். “உன் பாஷையில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்றால், நான் ஏன் ஒன்றைத் தள்ள வேண்டும்?” என்றார். தருமவீட்டுக் கேள்வியை மட்டும் மாற்றிவிட்டோம். ‘நேற்று வீட்டில் என்ன சமைத்தீர்கள்?’ என்று கேட்டோம். அதற்கு இரண்டு அர்த்தம் கிடையாது. நீங்களும் அதையே கேளுங்கள்.

செங்கேணியின் முதல் பாடு பத்து நாளில் வந்தது. வெயில் ஏறுமுன் துரை அரைச்சராயோடு தண்ணீரில் இறங்கினார். வலையின் ஒரு தலைப்பு அவரிடம், மறு தலைப்பு செங்கேணியிடம். அவர் இழுக்க வேண்டியபோது விட்டார், விட வேண்டியபோது இழுத்தார், ஒரு தடவை முழுசாக முங்கி எழுந்தார். “இழு தொர! வலப்பக்கம் தொர! மீனு போவுது பாரு!” என்று அவள் கூச்சல் போட்டாள். கோட்டைக்குள் யாரும் அவரை அப்படி அதட்டியிருக்க மாட்டார்கள். கரையில் கூட்டம் கூடிவிட்டது. வலை ஏறியபோது மடவையும் இறாலும் துள்ளின. பிள்ளைகள் இரண்டும் குதித்தன. அவ்வளவு சந்தோஷமான ஒரு காலையை நான் தருமவீட்டு வேலையில் அதற்குமுன் பார்த்ததில்லை.

மீனைப் பங்கு பிரித்தார்கள். செங்கேணி கொழுத்த மடவை நாலை ஒரு பனைநாரில் கோத்துத் துரையிடம் நீட்டினாள். அவர் கையை உதறினார். தருமவீட்டுக்காரன் ஏழையிடம் வாங்குவதா, பிள்ளைகளுக்கு வை என்று என்னிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

செங்கேணி முகம் மாறிவிட்டது. “பங்கு வாங்காதவன் பாடு எடுத்தவன் இல்ல, கூலிக்கு வந்தவன். கூலியும் வாங்காம சும்மா வந்தா பிச்ச போட வந்தவன். எங்க வூட்டு பேர்ல நின்னாருன்னா எங்க வூட்டு மீனத் துன்னட்டும். இல்லன்னா போவச் சொல்லுங்க, நான் வேற ஆள் பாத்துக்கறேன்.”

ஒரு சொல் விடாமல் அப்படியே சொன்னேன். துரை ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷம் பெட்டியிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்த கை அது. வாங்கிப் பழக்கமில்லை அதற்கு.

“அடுத்த பாடு எட்டாம் நாளு. நேரத்தோட வரணும், தூங்கிடக் கூடாது” என்றாள் அவள்.

நான் வாயைத் திறப்பதற்குள் துரை தமிழிலேயே சொன்னார்: “வருவேன்.”